சொம்பு வரையத் தெரியுமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தா எங்க ஊர்ல மொதல்ல சந்தோஷப்படறவர் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்காரர்தான்.

காலையில ரிசல்ட். சாயங்காலத்துக்குள்ள பஸ் ஸ்டாண்டு முக்குல பேனர் ஏறிடும். வட்டம் வட்டமா புள்ளைங்க மூஞ்சி, கீழ மார்க்கு, நடுவுல தாளாளர் கும்பிட்டபடி. மாநில முதலிடம், ரெண்டாமிடம்னு அறிவிக்கிற பழக்கத்தை அரசாங்கம் 2017லயே நிறுத்தியாச்சு. புள்ளைங்க மனசு நோகக் கூடாதுன்னு. நல்ல காரியம். ஆனா பேனர் நின்னுச்சா? "எங்கள் பள்ளியின் வைரங்கள்"னு ஒரு பத்துப் பேர் படம். அப்ப மிச்சம் இருக்கிற புள்ளைங்க எல்லாம் என்ன, ஜல்லியா?

எங்க அக்கா பையன் அந்த ஜல்லி லோடுலதான் இருக்கான்.

600க்கு 317.

(இந்த நம்பரை இங்க போடலாமான்னு அவன்கிட்டயே கேட்டேன். "போடு சித்தி. தெருவுக்கே தெரியும், இனிமே என்ன ரகசியம்"னுட்டான். அதனாலதான் போட்டேன். நாளைக்கு யாரும் சண்டைக்கு வராதீங்க.)

காமர்ஸ் குரூப். அக்கவுண்டன்சில 41. ஆனா அவன் அக்கவுண்டன்சி நோட்டை நீங்க பாக்கணும். பேலன்ஸ் ஷீட் ரெண்டு பக்கமும் ஒத்துவராம அம்போன்னு நிக்கும். அதுக்குப் பக்கத்து மார்ஜின்ல வாத்தியாரோட மூக்கு. மூக்கு மட்டும். கண்ணாடி அழுத்தின தழும்போட, நாசி ஒரு பக்கம் லேசா விடைச்சுக்கிட்டு. அந்த சாரை ஒரு கல்யாணத்துல நேர்ல பாத்தேன். சாம்பார் ஊத்தும்போது மூக்கைப் பாத்துச் சிரிச்சுட்டேன். அவ்வளவு அச்சு அசல்.

சரி. ரிசல்ட் வந்த அன்னைக்கு அக்கா வீட்டு போன் ஓயல. விசாரிக்கிறவங்க ரெண்டு கட்சி.

முதல் கட்சி, "ஐயோ பாவம்" கட்சி. "பி.காம்.மாவது கிடைக்குமா?" அரசு கலைக் கல்லூரியில பி.காம்.க்கு இருக்கிற அடிதடி இவங்களுக்குத் தெரியாது. மொழிப் பாடத்தை விட்டுட்டு மத்த நாலு பாடத்தோட மார்க்கைக் கூட்டி, 400க்கு எவ்வளவுன்னு ரேங்க் போடறாங்க. இவனுக்கு அந்த லிஸ்ட்ல இடம் எங்க இருக்கும்னா, பக்கத்தைக் கீழ தள்ளிக்கிட்டே போகணும். தள்ளிக்கிட்டே.

ரெண்டாவது கட்சிதான் எனக்கு இன்னும் எரிச்சல். "அவன்தான் சூப்பரா படம் வரையறானே. அவனுக்கு எதுக்கு மார்க்கு, படிப்பு? ஐன்ஸ்டீனே கணக்குல ஃபெயில் ஆனவர்தானே?"

ஐன்ஸ்டீன் கணக்குல எங்கயும் ஃபெயில் ஆகல சாமி. 1895ல, பதினாறு வயசுல, சூரிச் பாலிடெக்னிக்குக்கு நுழைவுத் தேர்வு எழுதினார். கணக்கும் இயற்பியலும் பிரமாதம். பொதுப் பாடத்துல தேறல. அப்புறம் என்ன செஞ்சார்னு இந்த மோட்டிவேஷன் ஆளுங்க சொல்லவே மாட்டாங்க. ஆராவ்ங்கிற ஊர்ல இன்னொரு ஸ்கூல்ல சேர்ந்து, ஒரு வருஷம் ஒழுங்காப் படிச்சு முடிச்சுட்டு, 1896ல அதே பாலிடெக்னிக்குக்குப் போனார். அதாவது, ப்ளஸ் டூ பாஸ் பண்ணிட்டு வந்தார்!

அதனால, படம் வரையற புள்ளைங்க யாராவது இதைப் படிச்சா: மொதல்ல பாஸ் பண்ணுங்க கண்ணுங்களா. 35 எடுங்க போதும், ஆனா அந்த 35 வேணும். கவின் கலைப் படிப்பான பி.எஃப்.ஏ.ங்கிறது டிகிரி. ப்ளஸ் டூ பாஸ் இல்லாம உள்ள விட மாட்டாங்க. ஒரு பேப்பர் போயிடுச்சுன்னா துணைத் தேர்வு இருக்கு, அந்த வருஷமே எழுதிடலாம். "நான் ஆர்ட்டிஸ்ட், எனக்கு எதுக்கு கெமிஸ்ட்ரி"ன்னு வசனம் பேசிக்கிட்டு ஒரு வருஷத்தைக் கோட்டை விடாதீங்க. பாஸ் பண்ணிட்டு வந்து பேசுங்க, நல்லா எடுபடும்.

அடுத்து விஸ்காம். (விஷுவல் கம்யூனிகேஷன்.)

இவன் படம் வரைவான்னு சொன்னா, பத்துல ஒன்பது பேர் வாயில இருந்து வர்ற ஒரே வார்த்தை விஸ்காம். ஊர்ல ஒரு கல்யாண மண்டபத்துல கல்விக் கண்காட்சி போட்டிருந்தாங்க. போனோம். (ஏசி மண்டபம். வெளிய மே மாச வெயில். அதுவும் ஒரு காரணம்.) ஒரு தனியார் காலேஜ் ஸ்டால்ல டை கட்டின தம்பி ஒருத்தர் உக்கார வெச்சு ஜூஸ் குடுத்தார்.

"தம்பிக்கு எதுல இன்ட்ரஸ்ட்?"

"நல்லா வரைவான்."

"அப்ப விஸ்காம்தான் மேடம். கண்ணை மூடிக்கிட்டு சேருங்க."

"அதுல வரையச் சொல்லிக் குடுப்பீங்களா?"

"ட்ராயிங் ஒரு பேப்பர் இருக்கு மேடம்."

ஒரு பேப்பர்! மூணு வருஷத்துல!

அப்புறம் மார்க் ஷீட்டை வாங்கிப் பாத்தார். முகத்துல ஒரு கருணை. "மார்க்கு கொஞ்சம் கம்மியா இருக்கறதால மேனேஜ்மென்ட் கோட்டாவுல பாக்கலாம்"னு ஒரு தாள்ல தொகையை எழுதி, சத்தம் போடாம என் பக்கம் நகர்த்தினார். மார்க்கு கம்மியாக ஆக பில்லு ஏறுது. ஜூஸை வெச்சுட்டு எழுந்து வந்துட்டோம். (பொய். குடிச்சுட்டுத்தான் வந்தோம்.)

விஸ்காமை நான் குறை சொல்லல. கேமரா, எடிட்டிங், விளம்பரம், மீடியான்னு போகணும்னா அது நல்ல படிப்பு. சினிமா எடுக்கணும்னு துடிக்கிற பசங்க நிறைய பேர் அங்கதான் கத்துக்கறாங்க. ஆனா பென்சிலைக் கையில வெச்சுக்கிட்டு நாள் முழுக்க உக்காந்திருக்கிற பையனுக்கு அது சரியான இடமான்னு யாரும் யோசிக்கறதில்ல. படம்னாலே விஸ்காம். அவ்வளவுதான் நம்ம ஊர் ஆளுங்களுக்குத் தெரிஞ்ச வழி.

எங்களுக்கு வழி சொன்னவர் ஒரு ரிட்டையர்டு ட்ராயிங் மாஸ்டர். எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. அந்தக் காலத்துல ட்ராயிங் லோயர், ஹையர் பரீட்சை எல்லாம் எழுதிட்டு வேலைக்கு வந்தவர். சட்டைப் பையில பேனா இருக்கிற இடத்துல இன்னைக்கும் பென்சில்தான் வெச்சிருப்பார். அக்கா போய் அழுதுகிட்டே மார்க்கைச் சொன்னா. அவர் அழவும் இல்ல, ஆறுதலும் சொல்லல.

"எழும்பூர் இருக்கில்ல. கும்பகோணம் இருக்கில்ல. பாஸ்தானே? அப்புறம் என்ன?"

எழும்பூர்னா எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி. நம்ம ஊர்ல பாதிப் பேர் அந்த ரோட்டுல பஸ்ல போயிருப்போம், உள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருக்காது. 1850ல அலெக்ஸாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்ச ஸ்கூல். ஆமா, வைத்தியம் பாக்கற டாக்டர். ரெண்டு வருஷத்துல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. இந்தியாவுலயே ரொம்பப் பழைய ஓவியப் பள்ளிகள்ல ஒண்ணு. இப்ப நாலு வருஷ பி.எஃப்.ஏ. படிப்பு. பெயிண்டிங், சிற்பம், பிரின்ட் மேக்கிங், செராமிக், டெக்ஸ்டைல், விளம்பரத்துக்கான டிசைன்னு பிரிவுகள். ப்ளஸ் டூவுல எந்த குரூப்பா இருந்தாலும் சரி. கையால வரைஞ்சு காட்டற நுழைவுத் தேர்வு இருக்கு. கும்பகோணத்துலயும் இதே மாதிரி அரசு கவின் கலைக் கல்லூரி. கல்லு, மரம், சுதை, உலோகம்னு மரபுச் சிற்பம் கத்துக்கணும்னா மாமல்லபுரத்துல 1957ல இருந்து தனியா ஒரு கல்லூரி. அரசு கல்லூரிங்கறதால ஃபீஸ் கையைக் கடிக்காது.

அக்கா முகம் மலர்ந்துடுச்சு. "அப்ப சீட் கன்ஃபார்ம்தானே சார்?"

அவர் சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

"தம்பி, என்ன வரைவே? எடுத்துட்டு வா பாப்போம்."

பயல் ஓடிப் போய் ஃபைலை எடுத்துட்டு வந்தான். விஜய், சூர்யா, தோனி, நயன்தாரா. எல்லாம் போன்ல போட்டோவைப் பெருசாக்கி, கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பாத்து இறக்கினது. அப்புறம் நிறைய நருட்டோ. (அனிமே. உங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கும், பெட்ஷீட்டைக் கழுத்துல கட்டிக்கிட்டு கையைப் பின்னாடி நீட்டி ஓடும்.) நாங்க எல்லாம் இதைப் பாத்துப் பாத்து மெய் மறந்தவங்க. தோனி பல்லுல வெளிச்சம் அடிக்கறது வரைக்கும் இருக்கும்.

மாஸ்டர் ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்தார். "சுத்தமா இருக்கு"ன்னார். அப்புறம் உள்ள பாத்து, "ஏம்மா, அந்தச் சொம்பைக் கொஞ்சம் கொண்டா"ன்னார்.

தண்ணி குடிக்கிற பித்தளைச் சொம்பு. அதை ஸ்டூல் மேல வெச்சு, பக்கத்துல ஒரு துண்டை அலட்சியமாப் போட்டார். "இதை வரை."

அரை மணி நேரம்.

நான் ஆர்ட் கிரிட்டிக் இல்ல. ஆனா எனக்கே தெரிஞ்சுது. சொம்போட வாய் முட்டையாட்டம் நீண்டு, ரெண்டு முனையும் கூர்மையா இருந்துச்சு. இடது இடுப்பு ஒல்லி, வலது இடுப்பு குண்டு. அடிப்பாகத்தை ஸ்கேல் வெச்ச மாதிரி நேர்க்கோடா இழுத்திருந்தான். சொம்பு ஸ்டூல் மேல இல்ல, காத்துல தொங்குது. துண்டு? துண்டு இருக்கிற இடத்துல விரலால தேச்ச ஒரு கருப்பு மேகம்.

தோனியோட பல்லையே வரைஞ்ச கை!

மாஸ்டர் சொன்னார்: "நீ இந்தச் சொம்பை வரையல தம்பி. சொம்புன்னா இப்படி இருக்கும்னு உனக்கு ஞாபகம் இருக்கறதை வரைஞ்சிருக்கே. வாய் வட்டம்னு உனக்குத் தெரியும். ஆனா நீ உக்காந்திருக்கிற இடத்துல இருந்து அது வட்டமாவா தெரியுது? ஏந்து நின்னு பாரு. இப்ப உக்காந்து பாரு. மாறுதா?"

பயல் எழுந்தான், உக்காந்தான், எழுந்தான். அவனுக்கு மாறுச்சு. நானும் சும்மா இருக்காம எழுந்து உக்காந்து பாத்தேன். எனக்கும் மாறுச்சு. இத்தனை வருஷம் சொம்புல தண்ணி குடிச்சிருக்கேன், ஒரு நாள் இதைக் கவனிச்சதில்ல.

போட்டோ ஏற்கனவே தட்டையாயிடுச்சு. கேமரா பாதி வேலையை முடிச்சுக் குடுத்துடும். கட்டம் போட்டா மீதியும் முடிஞ்சுது. கண்ணு முன்னாடி இருக்கிற பொருளைத் தாள்ல இறக்கறது வேற வித்தை. நுழைவுத் தேர்வுல பாக்கறது அதைத்தான். அங்க போனைத் தட்டி தோனியை எடுக்க முடியாது.

அன்னைல இருந்து அக்கா வீட்டுல பாத்திரம் எதுவும் அது அது இடத்துல இல்ல. குக்கர் மூடி ஜன்னல்ல இருக்கும். இட்லிப் பானை கட்டில் மேல இருக்கும். "தொடாதீங்க, நிழல் மாறிடும்"னு கத்துவான். மாமா (அக்கா வீட்டுக்காரர், ஹார்ட்வேர்ஸ் கடை வெச்சிருக்கார்) ராத்திரி கடையை மூடிட்டு வந்தா சாப்பிடத் தட்டு இருக்காது. தட்டு மாடலா நின்னுக்கிட்டு இருக்கும்.

நான் என் பங்குக்கு ஆன்லைன்ல ஒரு பெரிய ஆர்ட் கிட் வாங்கிக் குடுத்தேன். மரப்பெட்டி, எழுபது சொச்சம் கலர், வழவழப்பான பேப்பர். மாஸ்டர் பெட்டியைத் திறந்து பாத்துட்டு, "அழகா இருக்கு, கொலுவுல வைக்கலாம்"னார். அவர் எழுதிக் குடுத்த லிஸ்ட் இதுதான்: எச்பி, டூ பி, ஃபோர் பி, சிக்ஸ் பி பென்சில். கார்ட்ரிஜ் பேப்பர். ஒரு பலகை, ரெண்டு கிளிப். போஸ்டர் கலர்ல சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கருப்பு. ரப்பரை மட்டும் தன்கிட்ட குடுக்கச் சொல்லிட்டார். "அழிக்கிற நேரத்துல அடுத்ததை வரை."

கையை முழுசா நீட்டி, பென்சிலைச் செங்குத்தாப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கட்டை விரலை நகர்த்தி அளவு எடுக்கறது இருக்கே, அதை அவன் கத்துக்கிட்டதும் வீட்டுல யாரையும் நிம்மதியா விடல. "சித்தி, உங்க தலையை மாதிரி ஏழு தலைதான் உங்க உயரம்"னான். பாராட்டா திட்டான்னு புரியல. (திட்டு இல்லையாம். மனுஷங்களுக்கு ஏழு, ஏழரை வருமாம். சினிமா போஸ்டர்ல ஹீரோவுக்கு எட்டு, ஒன்பது கூட வைப்பாங்களாம்.)

அப்புறம் ஸ்டேஷன். விழுப்புரம் ஜங்ஷன்ல போய் உக்காந்து வரைய ஆரம்பிச்சான். எழும்பூர் காலேஜ் பசங்களும் எழும்பூர் ஸ்டேஷன், சென்ட்ரல்னு போய் உக்காந்து வரையறது ரொம்ப நாளா இருக்கிற பழக்கம்னு மாஸ்டர் சொன்னார். மூட்டை மேல தலை வெச்சுத் தூங்கறவங்க, டீ ட்ரம்மைத் தூக்கிட்டு ஓடறவங்க, புள்ளைக்குத் தலை வாரி விடற அம்மா. யாரும் போஸ் குடுக்க மாட்டாங்க. ரயில் வந்தா எழுந்து போயிடுவாங்க, பாதிப் படம் பாதியிலயே நிக்கும். ஒரு நோட்டு முழுக்கத் தலை இருந்தா கால் இல்ல, கால் இருந்தா தலை இல்ல. ஆனா கோட்டுல ஒரு வேகம் வந்துச்சு. தோனி காலத்துல அது இல்ல.

இதுக்கு நடுவுல டிசைன் படிக்கிற என்.ஐ.டி., ஃபேஷன் படிக்கிற நிஃப்ட் பத்தியும் விசாரிச்சோம். அகமதாபாத்ல 1961ல ஆரம்பிச்ச என்.ஐ.டி.க்கும் மார்க்கு ஒரு தடையே இல்ல. எந்த குரூப்பானாலும் ப்ளஸ் டூ பாஸ், வயசு வரம்பு, அவங்க வைக்கிற தேர்வு. முதல் கட்டம் தாண்டினா ரெண்டாவது கட்டத்துல கையில சாமான் குடுத்து எதையாவது செய்யச் சொல்வாங்க. தரமணியில இருக்கிற நிஃப்ட்லயும் அப்படித்தான், கம்பி, பேப்பர், நூல்னு குடுத்து ஒரு சூழ்நிலையைச் சொல்லி மாடல் பண்ணச் சொல்வாங்க. கேக்க ஜோரா இருக்கு. ஆனா விண்ணப்பம், முதல் கட்டத் தேர்வு எல்லாமே ப்ளஸ் டூ ரிசல்ட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சுடும். ரிசல்ட் பாத்துட்டு யோசிக்கலாம்னு இருந்தா அந்த வருஷம் போச்சு. கேள்வித்தாள் இங்கிலீஷ், இல்லன்னா ஹிந்தி. தமிழ் மீடியத்துல படிச்ச புள்ளை என்ன பண்ணும்? ஃபீஸ் லட்சக் கணக்குல. கோச்சிங் சென்டர்காரங்க கேக்கறது தனி. மார்க்கு தேவையில்லன்னு சொல்றாங்க, உண்மைதான். இங்கிலீஷும் காசும் தேவை இல்லன்னு யாரும் சொல்லல, கவனிச்சீங்களா?

அதனாலதான் எழும்பூர், கும்பகோணம் எல்லாம் எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுது.

மாமாவைச் சம்மதிக்க வைக்கறது தனிக் கதை. எனக்குத் தெரிஞ்ச வரலாறு எல்லாத்தையும் எடுத்து விட்டேன்.

"மாமா, நடிகர் சிவகுமார் இந்த எழும்பூர் காலேஜ்லதான் படிச்சார். ஆறு வருஷம். ஓவியர் ஆகணும்னுதான் ஊர்ல இருந்து வந்தார்."

"அப்ப ஏன் நடிக்கப் போனார்?"

(பாயின்ட். அதை அப்படியே விட்டுட்டேன்.)

"பணிக்கர்னு ஒருத்தர், தந்தி ஆபீஸ் வேலையை எல்லாம் பாத்துட்டு, இருபத்தஞ்சு வயசுலதான் மாமா இங்க வந்து சேர்ந்தார். அப்புறம் இங்கயே பிரின்சிபால் ஆனார். ஈ.சி.ஆர்.ல சோழமண்டலம் இருக்கே, ஓவியர்கள் கிராமம், அதை 1966ல ஆரம்பிச்சவரே அவர்தான்."

"சர்க்கார் உத்தியோகத்தை விட்டுட்டா?"

"சரி, மெரினாவுல உழைப்பாளர் சிலை இருக்கா?"

"இருக்கு."

"அதைச் செஞ்சவர் ராய் சவுத்ரி. இந்தக் காலேஜ் பிரின்சிபால். 1929ல இருந்து இருபத்தெட்டு வருஷம். இங்க வேலை பாத்த வாட்ச்மேனையே அந்தச் சிலைக்கு மாடலா நிக்க வெச்சாருன்னு சொல்வாங்க. குஸ்தி எல்லாம் போடுவாராம்."

மாமா கொஞ்ச நேரம் யோசிச்சார். மடிஞ்சுட்டார்னு நினைச்சேன்.

"அந்த சிலைக்கு எவ்வளவு குடுத்திருப்பாங்க?"

கடைக்காரர்கிட்ட கதை சொல்லப் போனா இப்படித்தான். ஆனா அவர் கேள்வியில நியாயம் இருக்கு. நாலு வருஷம் கழிச்சு என்ன வேலை? சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட், அனிமேஷன், கேம் கம்பெனி, விளம்பரம், துணி டிசைன்னு நான் அடுக்கினேன். எல்லாம் இருக்கு, பொய் இல்ல. ஆனா ஸ்கூல் ட்ராயிங் வாத்தியார் வேலையை மட்டும் தைரியமாச் சொல்ல முடியல. 2012ல அரசுப் பள்ளிகள்ல ஓவியம், உடற்கல்வின்னு பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தப்ப சம்பளம் மாசம் 5,000 ரூபாய். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க. நிரந்தரம் பண்ணுங்கன்னு அவங்க போராடிக்கிட்டே இருக்காங்க. நம்ம மாஸ்டருக்குக் கிடைச்ச பென்ஷன் இந்தத் தலைமுறை ட்ராயிங் மாஸ்டருக்குக் கனவு. இதையும் மாமாகிட்ட மறைக்காமச் சொன்னேன். அதிசயமா, அதுக்கப்புறம்தான் அவர் குரல் இறங்குச்சு. நல்லதை மட்டும் சொன்னா அவருக்கு எதையோ விக்க வர்ற மாதிரி இருந்திருக்கும்.

"பி.காம். படிச்சாலும் கடைக்குத்தான் வருவான். இதைப் படிச்சுட்டும் கடைக்கு வரட்டும்"னார். இதுதான் அவர் சம்மதம் சொல்ற விதம்!

தேர்வு அன்னைக்கு நானும் கூடப் போனேன். விழுப்புரத்துல ஏறினா எழும்பூர்ல இறங்கலாம், அங்கிருந்து காலேஜ் பக்கம்தான். செங்கல் நிறக் கட்டடம், மரம், அங்கங்க பசங்க செஞ்சு வெச்ச சிற்பம். பயல் மூக்கு விடைச்சுடுச்சு. (அந்த வாத்தியார் மூக்கு மாதிரியே.)

"மார்க்கு கம்மின்னா ஆர்ட் காலேஜ்"னு சொல்றவங்களை எல்லாம் அன்னைக்கு அங்க கொண்டு வந்து நிறுத்தணும். பாலிதீன் கவர்ல சுத்தின பலகை, வேட்டித் துணியில கட்டின பலகை, சைக்கிள் ட்யூப் போட்டு இறுக்கின பலகைன்னு தமிழ்நாட்டோட எல்லா மூலையில இருந்தும் புள்ளைங்க. ஒரு பொண்ணு காத்திருக்கிற நேரத்துல கூடப் பக்கத்துல தூங்கற நாயை வரைஞ்சுக்கிட்டு இருந்தா. நாய் மூச்சு விடறது தெரியற மாதிரி. என் பக்கத்துல நின்ன பயல் எச்சில் முழுங்கினது எனக்குக் கேட்டுச்சு.

அந்தப் பொண்ணோட அப்பாகூடப் பேசினேன். திருவண்ணாமலைப் பக்கம். போர்டு எழுதறவர். எழுதிக்கிட்டு இருந்தவர்னு சொல்லணும். நகக்கண்ணுல இன்னும் எனாமல் இருக்கு. ஃப்ளெக்ஸ் வந்த பின்னாடி கடை போர்டு போச்சு, சுவர் விளம்பரம் போச்சு, இப்ப எலெக்‌ஷன் சமயத்துல சின்னம் வரையக் கூப்பிட்டா உண்டாம். மீதி நாள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறார். "நூல் போடாம நாலு அடி எழுத்து எழுதுவேன்மா. அந்தக் கையை இதுக்குத்தான் குடுத்தேன்"னு பொண்ணைக் காட்டினார். அவங்க வீட்டுல யாருக்கும் மூக்கு வரையறது படிப்பாங்கற சந்தேகமே வந்திருக்காது. தொழில் அது.

அந்த மாதிரிப் புள்ளைங்களோட போட்டி போடணும். 317ன்னு சொன்னா யாரும் அழ மாட்டாங்க, தோனியைக் காட்டினா யாரும் கை தட்ட மாட்டாங்க.

வெளிய வந்தவன்கிட்ட, "என்னடா குடுத்தாங்க?"ன்னேன்.

"மண்பானை, துணி, ரெண்டு கத்திரிக்காய்."

"வாய்?"

"வாய் நல்லா வந்துச்சு சித்தி. கத்திரிக்காய்தான் காம்பு சொதப்பிட்டேன். ரப்பர் இருந்துச்சு, ஆனா அழிக்கல."

ஸ்டேஷனுக்கு எதிர்ல பரோட்டா சாப்பிட்டோம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசறதை டிஷ்யூ பேப்பர்ல கிறுக்கிக்கிட்டே இருந்தான். சால்னா பட்டு அது ஊறிப் போச்சு.

லிஸ்ட் இன்னும் வரல. கும்பகோணத்துக்கும் போட்டிருக்கான். டி.சி., சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாத்தையும் செராக்ஸ் எடுத்து அக்கா சாமி படத்துக்குக் கீழ வெச்சிருக்கா. பூஜைக்கு மல்லிப்பூ வேற.

மாமா சும்மா இருப்பாரா? "சீட் வர்ற வரைக்கும் என்ன வெட்டி முறிக்கப் போறே? பெயிண்ட் கடையிலயே இருக்கு, பிரஷ்ஷும் இருக்கு"ன்னு கடை போர்டைக் கழட்டிக் கீழ வெச்சுட்டார். மூணு நாளா பயல் தகரத்து மேல உக்காந்து எழுதறான். எழுத்துக்கு நிழல், நிழலுக்கு ஒரு ஓரம், ஒரு மூலையில சுத்தி, இன்னொரு மூலையில ஸ்பானர். ஸ்பானர்ல விழற வெளிச்சத்தைப் பாத்துட்டு எதிர்க் கடை டெய்லர், "எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுப்பியா தம்பி, எவ்வளவு ஆகும்?"னு கேட்டாராம்.

பயல் வாயைத் திறக்கறதுக்குள்ள மாமா ரேட் சொல்லிட்டார். அட்வான்ஸும் வாங்கிட்டார். பையன் கையில இன்னும் ஒரு பைசா குடுக்கல.